அடுத்தவர் முறையில் கை வைக்காத பெண்

பூவிழி ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே தூளியில் போட்டால் உதைத்துக்கொண்டு கீழே இறங்கப் பார்க்கும் பிள்ளை அது. என் மகன் ஆதிநாராயணனுக்கு ஒரே மகள். கோட்டைக்குப்பத்தில் பிறந்து, பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் போய், பொன்னேரி தாண்டி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். கடைசி வருஷத்தில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி அவளை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்தது.

இன்டர்ன்ஷிப் என்றால் வேலை மாதிரிதான், ஆனால் வேலை இல்லை. தை மாதத்தில் சேர்த்துக்கொண்டு ஆனி வரைக்கும் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஒரு சான்றிதழைக் கொடுத்து, நன்றாகப் படியம்மா என்று அனுப்பிவிடுவார்கள். இவளோடு சேர்த்து நாலு பேர் ஒரே குழுவில். நாலு பேரையும் எடுக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து இவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலைக்கு அவள் அம்மா கோவிந்தம்மா சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பேச்சு எடுத்தாலே பூவிழி எழுந்து வெளியே போய்விடுவாள். "கணக்குப் பார்க்கிறதுக்கா நான் இவ்ளோ படிச்சேன்" என்பாள். கோவிந்தம்மா, "சோறு துன்றதுக்குப் படிச்ச" என்பாள்.

துரைப்பாக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கினாள். வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சிக்னல் பின்கட்டுக் கதவோரம் மட்டும்தான் கிடைக்கும். அங்கே மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் குவித்த வலையில் சாய்ந்து உட்காருவாள். உட்காருவாள் என்றா சொன்னேன். ஒரு வரி தட்டுவாள், எழுவாள், கொல்லைக்குப் போவாள், வருவாள், இன்னொரு வரி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் ஏறுகிற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களை முறை வைத்துத்தான் பிடிப்போம். ஊர் கூடி, சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். உன் பாடு என்றால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் உன்னுடையது. என் கண் முன்னால் இறால் துள்ளிக்கொண்டு போனாலும், அது உன் நாள் என்றால் நான் படகைத் திருப்பிக்கொண்டு போகவேண்டும். நீ வராமலே போனாலும் சரி. மீறினவன் ஊர் முன்னால் நின்றாக வேண்டும். அப்படி நின்றவனுடைய பேரனைக்கூட இன்றைக்கும் அந்தப் பேச்சு விடாது.

பூவிழிக்கு இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அப்பன் படகில் ஏறி ஏறி, பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறினது. ஒரு மாசி மாதம், பத்து வயதிருக்கும், அப்பனோடு போனவள் திரும்பி வந்து அழுதாள். வடக்கே இன்னொருவர் பாடு, அங்கே ஆளே இல்லை, தண்ணீர் கொதிக்கிற மாதிரி இறால், நைனா பார்த்துக்கொண்டே வந்துவிட்டார் என்று அழுகை. ஆதிநாராயணன் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை அவள் அழவில்லை.

ஆனால் பாடு என்பது கல்யாணம் ஆன ஆம்பிளைக்குத்தான். பெண்பிள்ளைக்கு ஊரில் அது கிடையாது. இதைப் பற்றி நான் ஊர்ப் பெரியவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், ஜெயித்ததில்லை, இன்னும் விடவுமில்லை. ஆகவே மாசி மாதத்தில் ஒருநாள் அவள் விடுதியிலிருந்து போன் செய்து சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஆயா, இங்கயும் பாடு இருக்குது. வாரத்துக்கு ஒர்த்தர். அந்த வாரம் எது கெட்டுப்போனாலும் அவங்கதான் பாக்கணும். நம்ம வீட்டுல பாடு கிடைச்ச முதல் பொம்பள நான்தான்."

"உனக்கு எந்த வாரம்?"

"அடுத்த வாரம். இப்ப சுஹைல். எனக்கப்புறம் வித்யா."

சுஹைல் அந்த நாலு பேரில் ஒருவன். வித்யாவும் அதே குழுதான்; இவளுடைய விடுதி அறைத்தோழி, நாமக்கல் பக்கத்துப் பெண்.

வேலை என்னவென்றால், ஜனங்கள் போனில் மளிகை, காய்கறி என்று கேட்கிறார்கள் அல்லவா, அந்த ஆர்டர் வண்டி ஓட்டுகிற பையன்களிடம் போய்ச் சேரவேண்டும். அதற்குப் புதிதாக ஒரு நிரல் எழுதி, சில சின்ன ஊர்களுக்கு மட்டும் சோதனையாக விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது இந்த நாலு பேர். திரையில் ஒரு கோடு ஓடும். சேர்ந்தால் பச்சை. நின்றுபோனால் சிவப்பு. சிவப்பானால் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் புது நிரலை எடுத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவந்து வைத்துவிடும். பட்டன் நாலு பேர் திரையிலும் இருக்கிறது. அழுத்துவது முறைக்காரர் மட்டும் என்று இவள் எண்ணிக்கொண்டாள். அப்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை என்று நினைத்திருக்கிறாள்.

அவளுடைய வாரம் முழுக்கக் கோடு பச்சையாகவே போயிற்று. எனக்கு அதில் பெரிய பெருமை.

வித்யாவின் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் கதவோரம் உட்கார்ந்து கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பூவிழி தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"சிவப்பு ஆயிடுச்சு ஆயா."

"உன்னுதா?"

"இல்ல. வித்யா முறை."

போனை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள். எழுதி அனுப்பினாள். எழுந்தாள், கொல்லைக்குப் போனாள், வந்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் கொல்லை. கோடு சிவப்பாகவே நின்றது. என் கையில் இருந்த கருவாட்டை வாங்கி ஒன்றைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

ஆதிநாராயணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "இன்னாம்மா?"

"சிவப்பு, நைனா. ஆர்டர் எல்லாம் நின்னுடுச்சு."

"யார் பாடு?"

"வித்யா."

"கூப்ட்டியா?"

"ரெண்டு வாட்டி."

"அப்ப ஏன் குதிக்கிற? வருவா. தண்ணி குடி." வலையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கோவிந்தம்மா கடலோரக் குப்பத்துப் பெண். அங்கே ஏரி முறையெல்லாம் கிடையாது. முதலில் போகிறவனுக்கு முதல் மீன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தப் பட்டன அழுத்துனா இன்னா ஆவும்?"

"சரி ஆவும்."

"அப்ப அழுத்தேன்."

"அம்மா, அது அவ முறை. அவ இல்லாத நேரம் பாத்து நான் கை வெச்சா இன்னா ஆவறது?"

"அரிசி பருப்பு கேட்டவன் வூட்டுல உல கொதிக்குதே, அதுக்கு இன்னா ஆவறது?"

பூவிழி திரைப் பக்கம் திரும்பினாள். அம்புக்குறியைப் பட்டன்மேல் கொண்டுபோய் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்துவிட்டது. சாயங்கால பஸ் ஹாரன் கேட்கிற நேரத்துக்கு வித்யாவிடமிருந்து செய்தி வந்தது. ஊருக்குப் போகிற ரயிலில் ஏறியிருக்கிறாள், போன் பையில் கிடந்திருக்கிறது. அவளே அழுத்தினாள். கோடு பச்சையாயிற்று. அதற்குள் அந்த ஊர்களில் ஒரு மத்தியானம் முழுக்க யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமை கூட்டம். குழுவுக்குத் தலைவர் ஸ்டீபன் என்பவர். யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கூட்டம் இல்லை, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாராம். யார் திரையில் என்ன திறந்திருந்தது என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது.

"பூவிழி, உன் ஸ்கிரீன் அன்னிக்கு மத்தியானம் முழுக்க அந்தப் பக்கத்துலயே இருந்திருக்கு. பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"சிவப்பா இருந்துது."

"ஆமா சார்."

"பட்டன் இருந்துது இல்ல?"

"இருந்துது சார்."

"அப்புறம்?"

"அது என் முறை இல்ல சார்."

யாரோ சிரித்தார்களாம். ஸ்டீபன் சிரிக்கவில்லை. "ஓகே" என்று மட்டும் சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அந்த ஓகேயை இவள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டினாள். ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை வேகமாக. எப்படிச் சொன்னாலும் நல்லதாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் அந்தப் பதிலைச் சொன்னால் ஒழுங்கான பிள்ளை என்பார்கள். அங்கே அதற்கு, எனக்கென்ன வந்தது என்று அர்த்தம் ஆகிவிட்டது. வித்யாவை இரண்டு தடவை கூப்பிட்டதை இவள் சொல்லவே இல்லை. வித்யாவும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

"கூப்ட்டத ஏன் சொல்லல?" என்று ஆதிநாராயணன் கேட்டான்.

"அவர் கேக்கல நைனா. நானா எழுந்து, இவ போன் எடுக்கலன்னு சொன்னா அது கோள் மூட்டற மாதிரி."

அவனுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. ஊர்க் கூட்டத்தில் அவனும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லுவான். கோவிந்தம்மாதான் பாத்திரத்தைச் சத்தமாகக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். "உங்க ஏரி வழக்கத்த ஏரிலயே வெச்சிருக்கலாம். மெட்ராசுக்கு ஏன் எடுத்துனு போன?"

நான் பேரப்பிள்ளை பக்கம். அழுத்தாமல் இருந்தது சரி என்றேன். கூப்பிட்டதைச் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு என்றேன். "கோளு இல்லடி அது, நடந்தது" என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். பூவிழி என்னைப் பார்த்து, "நீயும் அம்மாவும் சேந்து என்ன நடுவுல இழுங்க" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஸ்டீபன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரிய வேலைகள் மற்றவர்களுக்குப் போக ஆரம்பித்தன; இவளுக்குச் சின்னச் சின்னதாக, எழுத்துப்பிழை திருத்துகிற மாதிரி வேலைகள் வந்தன. பாதி காலத்தில் ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். வேலை சுத்தம், ஆனால் தானாக முன்வருவதில்லை என்று இருந்ததாம். தானாக முன்வருவதில்லை. காற்றடித்தால் கூரை ஓலையைப் பிடிக்க அப்பனுக்கு முன்னால் ஏறுகிற பெண்ணைப் பற்றி.

வெள்ளிக்கிழமைகளில் அவளை வீட்டில் வைத்திருப்பதே கஷ்டமாகிவிட்டது. திரையில் சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுந்து எழுந்து போவாள். போன் அடித்தால் திடுக்கிடுவாள். அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். இறால் கம்பெனியில் இன்னும் இடம் இருக்கிறதா என்று அம்மாவிடம் ஒருநாள் அவளே கேட்டாள். அன்றைக்குக் கோவிந்தம்மா குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

வித்யாவோடு சண்டை போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே வாளியில் துணி துவைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வித்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏரி பார்க்கவேண்டும், படகில் போகவேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டாளாம். பூவிழியே அழைத்து வந்தாள். வட்ட முகம், பல் தெரியச் சிரிப்பு, வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆதிநாராயணன் படகில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். மத்தியானம் சோறு. நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் உடைத்து உடைத்து அவள் தட்டில் வைத்தேன். வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நீதான் போன் எடுக்காத பொண்ணா?"

பூவிழி, "ஆயா" என்றாள்.

"இன்னா ஆயா? கேக்கறதுல இன்னா இருக்குது. துண்ணும்மா நீ."

வித்யாவின் கை நின்றுவிட்டது. "ஆமாங்க பாட்டி. ரயில்ல கூட்டம். போன் பையில இருந்துச்சுங்க."

"அது தப்பு இல்ல. ரயில்ல யாருக்கும் அப்டித்தான் ஆவும். பின்னால போன் பாத்தியா இல்லியா? இவ கூப்ட்டது அதுல தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்ப கூட்டத்துல ஏம்மா வாயத் தொறக்கல?"

"ஆயா, வுடு" என்று பூவிழி எழுந்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தேன். கோவிந்தம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னைத் தடுக்கவில்லை.

வித்யா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "பயமுங்க பாட்டி. எங்கப்பா லாரி ஓட்டறாரு. ஊரெல்லாம் எனக்கு வேலை கிடைச்ச மாதிரியே சொல்லிட்டாரு. சார் பூவிழியக் கேட்டப்ப, அவளே சொல்லிருவான்னு நினைச்சேன். அவ சொல்லல. சொல்லலைன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சுங்க. அந்த நிம்மதிதான் இப்ப தொண்டைல நிக்குது."

நான் இன்னொரு நண்டை உடைத்து அவள் தட்டில் வைத்தேன். "துண்ணு. துண்ணாம எழுந்தா எனக்குக் கோவம் வரும்" என்றேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பஸ் ஏறும்போது பூவிழியிடம், "உங்க பாட்டி போலீஸ்ல இருந்தாங்களா" என்று கேட்டாளாம்.

மறுநாள் வித்யா ஸ்டீபனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போயிருக்கிறாள். பிறகு ஸ்டீபன் பூவிழியைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டிருக்க. மெசேஜும் போட்டிருக்க. ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். "சரி, இப்ப கேக்கறேன். வித்யா எடுக்கலன்னு தெரிஞ்சப்புறமும் ஏன் பட்டனை அழுத்தல?"

இவள் அப்போதுதான் எங்கள் ஊர் முறையைச் சொல்லியிருக்கிறாள். சீட்டுக் குலுக்குவது, ஊர் முன்னால் சொல்வது, ஆள் வராத தண்ணீரிலும் கை வைக்காமல் திரும்புவது, எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார். "புரியுது. ஆனா அங்க நீ திரும்பி வந்தா நஷ்டம் முறைக்காரருக்கு மட்டும். இங்க நஷ்டம் முறைக்காரருக்கு இல்ல, வீட்டுல காத்துட்டு இருக்கற ஆளுக்கு. மறுபடி இப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவ?"

அழுத்துவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கோவிந்தம்மா அப்படித்தான் சொல்கிறாள். இவள் சொன்னது இது: "அழுத்தணும்னு தெரியுது சார். ஆனா கை நடுங்கும். நடுங்காதுன்னு சொன்னா பொய்."

அவர் மறுபடியும் ஓகே என்றார். இந்த ஓகேயும் எப்படிப்பட்டது என்று இவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்து அதையும் சொல்லிக்காட்டினாள். ஸ்டீபன் சொன்ன கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஆதிநாராயணன் ஒப்புக்கொண்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முறை என்றால் முறை. ஒருநாள் நல்லதுக்குக் கை வைப்பான், மறுநாள் எதற்கு வைப்பான் என்று யார் பார்த்தது?

வைகாசியில் ஒருநாள், சுஹைலின் வாரம். அவன் சாப்பிடப் போயிருந்தான், போன் மேசைமேல் கிடந்தது. கோடு சிவந்தது. பூவிழி சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடிப் பார்த்தாள், அவன் கண்ணில் படவில்லை. திரும்ப ஓடிவந்தாள். அழுத்திவிட்டாள். கோடு பச்சையானது. அதோடு விட்டாளா, அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். அவன் வந்ததும் சொன்னாள்.

"சுஹைல், உன் முறையில நான் கை வெச்சிட்டேன்."

அவன் திரையைப் பார்த்தான். "அரே, நல்லதாப் போச்சு. நீ ஏன் கொலை பண்ணிட்டு வந்த மாதிரி நிக்கற?"

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டீபன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியும்.

ஆனி பிறந்தது. முடிவை மெயிலில் அனுப்புவோம் என்றார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, ஆதிநாராயணன் உட்பட. தனக்கு ஒன்றும் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் மெயில் வந்தது. பூவிழி கதவோரம் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டுப் போனை என் மடியில் போட்டாள்.

"கிடைச்சிடுச்சு ஆயா."

கோவிந்தம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆதிநாராயணன், "இன்னா சொன்ன, இன்னா சொன்ன" என்று இரண்டு தடவை கேட்டான். நான் பூவிழியைப் பார்த்தேன். அவள் முகத்தில் வேலை கிடைத்தவளின் களையே இல்லை.

"யார் யாருக்கு?" என்றேன்.

"எனக்கு. சுஹைலுக்கு."

வித்யாவுக்கு இல்லை.

சம்மதம் என்று மெயிலில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தவேண்டும், சில நாள் தவணை கொடுத்திருந்தார்கள். பூவிழி அழுத்தவில்லை. அன்றைக்கும் அழுத்தவில்லை, மறுநாளும் இல்லை. ஏரிக்கரைக்குப் போவாள், வருவாள். தலை வார உட்காருவாள், பாதியில் எழுந்துவிடுவாள். கோவிந்தம்மா கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "உங்க பேத்திக்கு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"இன்னாடி உன் மனசுல?" என்றேன்.

"அவ வாயத் தொறக்காம இருந்திருந்தா அவளுக்குத்தான் கிடைச்சிருக்கும் ஆயா. இது அவளுக்கு வரவேண்டியது."

"அவளுக்கு வரவேண்டியதுன்னு எந்த ஊர் கூடிச் சொன்னது? உன் பேரு போட்டு வந்திருக்குது. உன்னுது."

"நீதான அவள நோண்டி நோண்டிக் கேட்ட. கேட்டதாலதான அவ போய்ச் சொன்னா."

"கேட்டேன். மறுபடி வந்தாலும் கேப்பேன்." எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நடந்தத நடந்ததுன்னு சொல்லச் சொன்னேன். வேலய வுட்டுக் குடுன்னா சொன்னேன்?"

அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவோரம் போனாள். வித்யாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வித்யா, நான் இன்னும் அக்செப்ட் பண்ணல."

"ஏன்?"

"நீ சொல்லு. நீ சரின்னு சொன்னா பண்றேன்."

அந்தப் பெண்ணின் குரல் வந்தது, நண்டு தின்ற அன்றைக்கு இருந்த குரல் இல்லை. "என்ன பூவிழி, பிச்சை போடறியா?"

"இல்ல வித்யா. நீ சொன்னதாலதான்..."

"நான் உனக்காகப் போய்ச் சொல்லலடி. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதுக்காகச் சொன்னேன். என்கிட்ட வந்து சரியா சரியான்னு கேட்டா நான் என்ன சொல்றது? வேண்டாம்னு சொன்னா நான் பொறாமக்காரி. சரின்னா நான் தியாகி. ரெண்டுமா நான் இருக்க மாட்டேன். உனக்கு வேணும்னா அழுத்து, வேண்டாம்னா போ. எங்கப்பா வந்துட்டாரு, வெக்கறேன்."

போன் அணைந்தது. பூவிழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சொல்ல வாயில் நிறைய இருந்தது, விழுங்கிக்கொண்டேன். பிறகு அவள் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, அழுத்தினாள். அவளுக்கு வேணும் என்பதால் அழுத்தினாள். இதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்: "எனக்கு வேணும் ஆயா. அதான் இவ்ளோ கஷ்டமா இருக்குது."

இப்போது வேலைக்குப் போகிறாள். வியாழக்கிழமை வருகிறாள், அதே கதவோரம், அதே தெர்மாகோல் பெட்டி. வித்யாவுக்குக் கோயம்புத்தூரில் வேறு ஒரு கம்பெனியில் கிடைத்திருக்கிறது என்று சுஹைல் மூலம் கேள்விப்பட்டாள். பூவிழி வாரா வாரம் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். பதில் வருவதில்லை. பேச மாட்டாள் ஆயா, விட்டுவிடு என்கிறாள். பேசுவாள் என்று நான் சொல்கிறேன். அழுதுகொண்டே தட்டைக் காலி செய்த பெண் அது, எனக்குத் தெரியும். பூவிழி தலையை ஆட்டிவிட்டு எழுந்து வெளியே போகிறாள், திரும்பி வருகிறாள், போனைப் பார்க்கிறாள்.